உங்களுக்குத் தெரியுமா? ஆஸ்கர் இயக்குநரின் ‘பிங்க்’ நாட்கள்

2009-இல் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கரை வென்றது ஜப்பானின் ‘ஒகுரிபிதோ’. இறந்தவர்களைத் துடைத்து, உடுத்தி வழியனுப்பும் ஒருவனின் கதை. அதன் இயக்குநர் யோஜிரோ தகிதா தொழில் பழகியது ‘பிங்க்’ எனப்படும், வயதுவந்தோருக்கான மலிவுப் படங்களில்!

• 1971-இல் நெருக்கடியில் இருந்த நிக்கட்சு ஸ்டூடியோவும் இதே வகையில் ‘ரோமன் போர்னோ’ வரிசையைத் தொடங்கியது. படம் சுமார் 70 நிமிடம். ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு படுக்கையறைக் காட்சி கட்டாயம். மற்றபடி கதை, வசனம், கேமரா கோணம் எல்லாம் இயக்குநர் இஷ்டம். பெரிய பட்ஜெட்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய சுதந்திரம்!

• அந்தக் காட்சிகள் நடிப்பே. உடலில் ஒட்டிக்கொள்ளும் மறைப்புப் பட்டை உண்டு. தணிக்கைக்காகச் சட்டகத்தின் குறுக்கே ஏதாவது ஒரு பொருளும் வந்து நிற்கும்.

• 1972-க்கான ‘கினெமா ஜுன்போ’ இதழின் சிறந்த நடிகை விருது, இந்த வரிசையில் நடித்த ஹிரோகோ இசயாமாவுக்கு.

• ‘ஷால் வீ டான்ஸ்?’ (1996) எடுத்த மசாயுகி சுவோவின் முதல் படமும் பிங்க்தான் (1984). அதில் அவர் நையாண்டி செய்தது, குடும்பக் கதைகளின் மேதை ஓசுவின் பாணியை. கேமரா தரையோடு தரையாக, ஆடாமல் அசையாமல்!