யோனா: போக மறுத்தவர் தரும் பாடம்



யோனா என்றதும் பெரிய மீன்தான் நினைவுக்கு வரும். ஆனால் நான்கே அதிகாரங்கள் கொண்ட அச்சிறு நூலில் மீன் வருவது கொஞ்சம்தான். நிலமிழந்து இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குரிய செய்தி அதன் இறுதியில் இருக்கிறது.

யோனா ஏன் ஓடினார்?

நினிவேக்குப் போய் அதன் தீமையைக் கண்டிக்கும்படி இறைவன் அழைத்தார். நினிவே இருந்தது கிழக்கே, இன்றைய ஈராக்கின் மோசுல் பகுதியில். யோனாவோ யோப்பாவில் மேற்கே போகும் கப்பலில் ஏறினார். பயத்தினால் அல்ல. அந்த மக்கள் மனந்திரும்பினால் இறைவன் மன்னித்துவிடுவார் என்று அவருக்குத் தெரியும். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

நினிவே அசீரியரின் பெருநகரம். கி.மு. 722 அளவில் அசீரியர் சமாரியாவைப் பிடித்து, அம்மக்களைத் தூரதேசத்தில் குடியேற்றினார்கள். அவர்களுடைய ஊர்களில் வேறு மக்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர்களையும், 1977, 1983 வன்முறைகளில் வவுனியாப் பக்கம் ஓடியவர்களையும் அறிந்த மலையகத்துக்கு இந்த மனத்தாங்கல் புதிதல்ல.

வாடிய செடி

நினிவே மனந்திரும்பியது, அழிவு நீங்கியது. யோனா கோபத்தோடு நகருக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்தார். நிழலுக்கு ஓர் ஆமணக்குச் செடி முளைத்தது. மறுநாள் புழு அரித்து அது வாடியதும், சாவதே மேல் என்றார் யோனா.

அவர் நடாத செடி அது. நீங்கள் இழந்ததோ, லயத்துக்குப் பக்கத்தில் உங்கள் கையால் கொத்தி, உரம் சுமந்து வளர்த்த லீக்ஸ் பாத்தியும் உருளைக்கிழங்குப் பாத்தியும். 2025 நவம்பரில் டித்வா புயலின் மண்சரிவு அப்படி எத்தனையோ பாத்திகளை மூடியது. உறுதிப்பத்திரம் இல்லாவிட்டாலும் உழைப்பு உங்களுடையது. உங்கள் துக்கம் அற்பமல்ல.

மூன்று பாடங்கள்

1. கோபத்தைச் சொல்லலாம். யோனா தன் கோபத்தை இறைவனிடமே கொட்டினார். இறைவன் அவரைத் தள்ளிவிடவில்லை. கேள்வி கேட்டு உரையாடினார். வீட்டில் மனைவி மக்கள்மேல் அதைக் காட்டுவதே தவறு.

2. நியாயம் வேறு, பகை வேறு. நினிவேயின் அரசன் மக்களை வன்செயலை விடச் சொன்னான். அதன் பின்னரே மன்னிப்பு. எனவே காணியும் வீடும் கேட்டு கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் நிற்பது மன்னிப்புக்கு விரோதமல்ல. அதற்காகப் பக்கத்துக் கிராமத்தாரைப் பகைக்கவும் வேண்டியதில்லை. அவர்களுடைய வயலும் அதே மழையில்தான் போனது.

3. மாடும் கணக்கில் உண்டு. நினிவேயின் 120,000க்கும் மேற்பட்ட மக்களோடு கால்நடைகளையும் இறைவன் நினைவூட்டுகிறார். இழப்பைப் பதியும்போது மாடு, ஆடு, கோழிகளையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள்.

இறைவனின் கேள்வியோடு நூல் முடிகிறது. யோனா சொன்ன பதில் எழுதப்படவில்லை. அதை நாம்தான் சொல்லவேண்டும்.

குழுவில் பேச: நாம் போக விரும்பாத நினிவே எது? அங்கே முதலில் யாரோடு பேசலாம்?