ஊர்ல மனை வாங்கப் போறீங்களா? பழைய வாக்காளர் பட்டியலையும் ஒரு தடவை பாருங்க

வேலை சென்னையிலயோ பெங்களூருலயோ. கையில நாலஞ்சு வருஷ சேமிப்பு, மீதிக்கு லோன். சொந்த ஊர்ல ஒரு மனை வாங்கிப் போடலாம்னு இருக்கீங்க. ஊர்லருந்து அப்பா போன் பண்றார்: "தெரிஞ்ச குடும்பம்தான். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் விக்கிறாங்க. ஈசி க்ளீனா இருக்கு. இந்த வாரமே அட்வான்ஸ் கொடுத்துடலாம்."

கொடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு சாயங்காலம் லேப்டாப் முன்னாடி உட்காருங்க நண்பர்களே. 20 லட்ச ரூபாய் மனைன்னா முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 1,80,000 ரூபாய் பத்திரச் செலவு மட்டுமே. வழிகாட்டி மதிப்பு அதைவிட அதிகமா இருந்தா அந்த மதிப்புக்குத்தான் கணக்கு. இவ்வளவு கட்டினதுக்கு அப்புறம் வழக்குன்னு வந்தா, வீடும் கட்ட முடியாது, விக்கவும் முடியாது. இஎம்ஐ மட்டும் மாசாமாசம் போயிட்டிருக்கும்.

முதல்ல ஈசின்னு சொல்ற வில்லங்கச் சான்று. பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் தளத்துல இலவசமாவே பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு கொடுத்தா போதும். குறைஞ்சது 30 வருஷத்துக்குப் பாருங்க. இங்க பலரும் விடுற ஒரு விஷயம்: இன்னைக்கு 112/3ஏ-ன்னு இருக்குற மனை ஒரு காலத்துல வெறும் 112/3-ஆ இருந்திருக்கும். பழைய எண்ணையும் போட்டுத் தேடணும். நகராட்சிப் பகுதின்னா நகர நில அளவை எண் தனியா இருக்கும், அதையும்தான்.

பட்டா, சிட்டா, புல வரைபடம் எல்லாம் வருவாய்த்துறையோட இ-சேவைகள் தளத்துல கிடைக்கும். பார்த்துக்கோங்க. ஆனா பட்டா உரிமைப் பத்திரம் கிடையாதுன்னு நீதிமன்றங்கள் எத்தனையோ தடவை சொல்லியாச்சு.

இப்ப முக்கியமான இடத்துக்கு வருவோம். "ஈசி க்ளீன்"னா என்ன அர்த்தம்? பதிவான பத்திரம் எதுவும் குறுக்கே இல்லைன்னு மட்டும்தான் அர்த்தம். ஒருத்தர் செத்துப்போனா அது ஈசில வராது. அவருக்கு எத்தனை பிள்ளைங்கன்னும் வராது. அப்பா 1984-ல கிரயம் வாங்கினார், 2010-ல காலமாயிட்டார்னு வெச்சுக்கோங்க. ஈசில 1984 பத்திரம் ஒரே ஒரு வரி. பட்டாவை மகன்கள் ரெண்டு பேரும் தங்க பேருக்கு மாத்திட்டாங்க. காகிதத்துல எல்லாமே சரியா இருக்கும்.

ஆனா அந்த வீட்ல ஒரு பொண்ணு இருந்தா? உயில் எழுதாம இறந்த இந்து ஒருத்தரோட சுயசம்பாத்தியச் சொத்துல மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோட இருந்தா அவரோட அம்மா, எல்லாருக்கும் சம பங்கு. இது 1956-லருந்தே சட்டம். பொண்ணுக்குக் கல்யாணம் ஆகியிருந்தாலும் பங்கு பங்குதான். பூர்வீகச் சொத்துலயும் 2005 திருத்தத்துக்கு அப்புறம் மகள் மகனுக்குச் சமம். அந்தத் தேதியில அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு அவசியம் இல்லைன்னு 2020-ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. முன்னாடியே முறையா பாகம் பிரிச்சிருந்தா அது வேற கதை. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்குக் கணக்கு வேற, ஆனா அங்கயும் மகளுக்குப் பங்கு உண்டு.

சரி, பொண்ணு இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கல்யாணமாகி 20 வருஷம் முன்னாடியே வேற ஊர் போயிருப்பாங்க. இன்னைக்குள்ள பட்டியல்ல அந்த வீட்டு எண்ல அவங்க பேர் இருக்காது. பழைய பட்டியல்ல இருக்கும்! 2025-ல ஆரம்பிச்ச சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியோட தளத்துல 2002, 2005 பட்டியலை ஏத்தினாங்க. தெரு வாரியா, வீட்டு எண், பேர், அப்பா அல்லது கணவர் பேர், வயசு எல்லாம் இருக்கும். ஒரு வீட்டு எண்ல ரெண்டு பையன் பேருக்குக் கீழே அதே அப்பா பேரோட 21 வயசுல ஒரு பெண் பேர் வந்தா, கேட்க வேண்டிய கேள்வி கிடைச்சாச்சு.

தேடும்போது தொகுதிப் பேர் குழப்பும். 2008-ல தொகுதிகளை மாத்தி அமைச்சாங்க. உதாரணத்துக்கு, திருச்சி மாவட்டம் தொட்டியம் அதுவரைக்கும் தனித் தொகுதி, இப்ப முசிறியில இருக்கு. கதவு எண்ணும் மாறியிருக்கலாம், அதனால தெருவையும் அப்பா பேரையும் வெச்சுத் தேடுங்க. (அப்படியே உங்க பேர் இப்ப எந்த ஊர் பட்டியல்ல இருக்குன்னும் பார்த்துடுங்க. குடியிருப்பு மாறியிருந்தா படிவம் 8.)

பட்டியல் ஒரு துப்பு மட்டும்தான், ஆதாரம் இல்லை. அப்ப 18 ஆகாத பொண்ணும், அதுக்கு முன்னாடியே கல்யாணமாகிப் போனவங்களும் அதுல இருக்க மாட்டாங்க. அதனால தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழையும் அப்பாவோட இறப்புச் சான்றிதழையும் விக்கிறவங்ககிட்ட கேளுங்க. அதுல இருக்குற பேரையும் பட்டியல்ல நீங்க பார்த்த பேரையும் ஒத்துப் பாருங்க. இ-கோர்ட்ஸ் தளத்துல குடும்பத்துக்காரங்க பேரைப் போட்டு பாகப்பிரிவினை வழக்கு ஏதாவது இருக்கான்னும் தேடுங்க. ஆங்கில எழுத்துக்கூட்டலை நாலு விதமா மாத்திப் போடணும், ஒரே தடவையில கிடைக்காது.

கேட்டா என்ன பதில் வரும்னு உங்களுக்கே தெரியும். "தங்கச்சிக்கு நகை போட்டு, சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சு. அது பங்கு கேட்காது சார்." உண்மையாவே கேட்காத தங்கச்சியா இருக்கலாம். ஆனா சீர் செஞ்சது விடுதலைப் பத்திரம் ஆகாது. அவங்க கேட்கலைன்னாலும் நாளைக்கு அவங்க பிள்ளைங்க கேட்கலாம். மேல சொன்ன குடும்பத்துல அம்மாவும் உயிரோட இருந்தா நாலு பங்கு. தங்கச்சி பங்கு மட்டும் 5 லட்சம்.

வழி ரெண்டுதான். அவங்களும் கிரயப் பத்திரத்துல விக்கிறவங்களா கையெழுத்துப் போடணும், இல்லைன்னா முன்னாடியே அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் பதிஞ்சு கொடுத்திருக்கணும். அவங்க இறந்திருந்தா அவங்க வாரிசுகள் கையெழுத்து. அதுல மைனர் இருந்தா நீதிமன்ற அனுமதி வேணுமான்னு வக்கீல்கிட்ட கேட்டுட்டுத்தான் அடுத்த அடி. "பேங்க் லீகல் பார்த்துடுச்சே"ன்னு விட்டுடாதீங்க, அது பேங்க் தன்னோட கடனுக்காகப் பார்த்தது. 20 லட்சம் போடுறப்ப, தனியா ஒரு வக்கீலுக்குச் சில ஆயிரம் கொடுக்குறது எனக்குச் செலவாவே தெரியலை.

தங்கச்சியைக் கூப்பிடவே மாட்டேன்னு அவங்க அடம் பிடிச்சா? நானா இருந்தா வேற மனை பார்ப்பேன்.