காபிக்கு ஆகும், பாகுக்கு ஆகாது

கோவில்பட்டியில் எங்கள் குடும்பத்துக்கு மிட்டாய்க்கடை. தாத்தா வைத்தது. உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு நானும் அதே அடுப்புக்குத்தான் வந்தேன். முன்பெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் "இன்னைக்குப் போட்டதா?" என்று மட்டும் கேட்பார்கள். இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: "அண்ணாச்சி, சுகர்காரங்க சாப்பிடுற மாதிரி, அந்த ஸ்டீவியா போட்டு ஏதாவது செய்யக் கூடாதா?"

கேட்பவர் முகத்தில் இருக்கும் ஏக்கம் எனக்குத் தெரியும். எங்கள் அம்மாவுக்கும் சர்க்கரை நோய் இருக்கிறது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்த நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அதனால் கல்லாவில் நின்றுகொண்டு இரண்டு வார்த்தையில் சொல்லி அனுப்பும் விஷயமாக இதை நான் நினைக்கவில்லை.

நம் ஊர் நர்சரிகளில் சீனித்துளசி என்று தொட்டியில் வைத்து விற்கிறார்களே, அதுதான் ஸ்டீவியா. துளசிக்கும் அதற்கும் உறவில்லை. அது சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. சொந்த ஊர் பராகுவேயும் அதை ஒட்டிய பிரேசில் பகுதியும். அங்குள்ள குவாரனி மக்கள் 'மாத்தே' என்ற கசப்பான இலைத் தேநீரில் இந்த இலையைப் போட்டுத் தலைமுறை தலைமுறையாகக் குடித்து வந்தார்கள். பராகுவேயில் குடியேறிய சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் மொய்சேஸ் பெர்டோனி 1899-ல் இந்தச் செடியை அறிவியல் உலகுக்கு எழுதிக் காட்டினார். 1931-ல் இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் அதிலிருந்து இனிப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1970-களிலேயே ஜப்பான்காரர்கள் அதைக் கடைச்சரக்காக்கி, ஊறுகாய் முதல் குளிர்பானம் வரை சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல்தான் அனுமதித்தது.

இலையில் இனிப்பது ஸ்டீவியோல் கிளைகோசைடுகள் எனப்படும் ஒரு கூட்டம். ஸ்டீவியோசைடு, ரெபாடியோசைடு ஏ இரண்டும் அதில் முக்கியமானவை. பிரித்தெடுத்துச் சுத்திகரித்தால் சீனியைவிட 200 முதல் 300 மடங்கு இனிக்கும். நம் வயிறும் சிறுகுடலும் இவற்றை உடைப்பதில்லை. பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள்தான் உடைக்கின்றன. அதிலிருந்து வரும் ஸ்டீவியோலைக் கல்லீரல் வேறு வடிவத்துக்கு மாற்றிச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. குளுக்கோஸாக ரத்தத்தில் ஏறும் சங்கதி இங்கே இல்லை. பல்லைச் சொத்தையாக்கும் கிருமிகளுக்கும் இது தீனியாவதில்லை.

சரி, பாதுகாப்பா? உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் ஸ்டீவியோல் என்று எல்லை வைத்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது சுத்தமான ரெபாடியோசைடு ஏ கணக்கில் ஏறக்குறைய 700 மில்லிகிராம். இனிப்பில் அது 140 கிராம் சீனிக்குச் சமம். காபியில் யாரும் அவ்வளவு போடப் போவதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த ஒப்புதல், 95 சதவீதத்துக்குக் குறையாமல் சுத்திகரித்த பொருளுக்குத்தான். தொட்டியில் வளரும் இலை தேநீருக்கு ஒன்றிரண்டு கிள்ளிப் போட நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காயவைத்துப் பொடித்து, "இயற்கைதானே" என்று கரண்டி கரண்டியாகச் சாப்பிடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

இனி எங்கள் தொழிலுக்கு வருகிறேன். சீனியும் வெல்லமும் நாக்குக்கு இனிப்பு மட்டும்தான் தருகின்றன என்று நினைப்பதில்தான் சிக்கலே தொடங்குகிறது. கடலைமிட்டாய்க்கு வெல்லப்பாகு காய்ச்சும்போது, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். அந்தப் பதம் வந்தால்தான் வறுத்த கடலையைக் கொட்டிக் கிளற முடியும். கடலையைக் கடலையோடு பிடித்து நிறுத்துவது அந்தப் பாகு. ஒரு கிலோ வெல்லத்தின் இடத்தில் சில கிராம் ஸ்டீவியாப் பொடியை வைத்தால் இனிப்பு வந்துவிடும். பாகு எங்கிருந்து வரும்? கம்பிப் பதமும் இல்லை, உருட்டுப் பதமும் இல்லை. மைசூர்பாகும் அதிரசமும் இதே கதைதான்.

தூத்துக்குடி மக்ரூன் இன்னும் நுட்பமானது. முட்டை வெள்ளைக்கருவை அடித்து எழுப்பும் நுரையைச் சாயவிடாமல் தாங்கிப் பிடிப்பது சீனி. அதை எடுத்துவிட்டால் அடுப்பில் வைப்பதற்குள் நுரை தண்ணீராக இறங்கிவிடும். பால்கோவாவைப் பொறுத்தவரை, பாலே சுண்டிக் கெட்டிப்படுவதால் கோவா வரும். ஆனால் சீனி ஈரத்தைப் பிடித்து வைத்துக் கிருமி வளராமல் காப்பதால்தான் அது சில நாள் தாங்குகிறது. ஸ்டீவியா போட்ட கோவாவை அன்றன்றைக்குத் தீர்த்துவிட வேண்டும். நிறம் இன்னொரு விஷயம். சீனியைத் தனியாகக் காய்ச்சினால் பொன்னாகச் சிவந்து ஒரு வாசம் எழும்பும். ஸ்டீவியா அப்படிச் சிவக்காது.

அப்படியானால் "ஸ்டீவியா லட்டு" என்று சிலர் விற்கிறார்களே? உருண்டை பிடிக்க அதில் வேறு ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும்: பேரீச்சம்பழமோ, மால்டிடால் மாதிரி இனிப்பு ஆல்கஹாலோ, மால்டோடெக்ஸ்ட்ரினோ. மால்டோடெக்ஸ்ட்ரின் சீனியைப் போலவே வேகமாக ரத்தச் சர்க்கரையை ஏற்றும். மால்டிடால் அதிகமானால் வயிறு போகும். இதெல்லாம் போகட்டும், கடலை மாவும் நெய்யும் அப்படியேதானே இருக்கின்றன? சீனியை எடுத்துவிட்டோம் என்பதற்காக அது சர்க்கரை நோயாளிக்கு ஏற்ற பண்டமாகிவிடாது. கருப்பட்டி விஷயத்திலும் இதே மயக்கம் உண்டு. "கருப்பட்டி ஒண்ணும் செய்யாதுல்ல தம்பி?" என்று கேட்கும் ஆச்சிமாருக்கு நான் சொல்வது: "செய்யும் ஆச்சி. அதுவும் பெரும்பங்கு சீனிச்சத்துதான்."

ஸ்டீவியாவின் இடம் டம்ளர். குவாரனி மக்களும் அதைப் பானத்தில்தான் போட்டார்கள். சூட்டில் சிதையாது, புளிப்பிலும் கெடாது. எனவே காபி, டீ, பாதாம் பால், எலுமிச்சைச் சாறு எல்லாவற்றுக்கும் பொருந்தும். இந்த இடம் சின்ன இடமும் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சீனி என்றால் 30 கிராம். மாதத்துக்கு 900 கிராம். நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்பது உலக சுகாதார அமைப்பின் யோசனை. காபியிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறோம். மிட்டாய்க்கடைக்கு வராமலே.

கசப்பு உண்டு, மறைக்க வேண்டாம். இனிப்பைத் தரும் அதே மூலக்கூறு நாக்கின் கசப்பு உணரும் இடங்களையும் தொடுகிறது. கூடுதலாகப் போட்டால் இனிப்பு கூடாது, கசப்புதான் கூடும். டிகாக்‌ஷன் திக்காக இருந்தால் அது தெரிவதில்லை. எலுமிச்சைச் சாற்றில் உடனே தெரியும். அம்மாவுக்கு முதலில் பாதிச் சீனியைக் குறைத்து அந்த அளவுக்கு மட்டும் ஸ்டீவியா சேர்த்தோம். பிறகு சீனியை நிறுத்தினோம். இப்போது ஸ்டீவியாவையும் குறைத்து வருகிறார். நாக்கு பழகுகிறது.

எடையைக் குறைக்க ஸ்டீவியாவை நம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 மே மாதம் உலக சுகாதார அமைப்பு, உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்காகச் சீனியல்லாத இனிப்பூட்டிகளை நம்பியிருக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. ஸ்டீவியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. நீண்ட காலத்தில் உடல் கொழுப்பைக் குறைக்கும் பலன் தெரியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்றும் சேர்த்தே சொன்னார்கள்.

வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்னால் பச்சை இலைப் படம் இருக்கும். பின்னால் பொடி எழுத்தில் டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின், எரித்ரிடால் என்று இருக்கும். முதலில் எழுதியிருக்கும் பொருள்தான் அதில் அதிகம். ஸ்டீவியாவுக்கு மாறிவிட்டோம் என்று மருத்துவர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாறியதை அவரிடமும் சொல்லுங்கள். தீபாவளிக்கு இனிப்பு வேண்டுமென்றால், அசல் பாகில் செய்ததில் சின்னத் துண்டாக ஒன்று சாப்பிடுங்கள். மிட்டாய்க்கடைக்காரனாகவே இதைச் சொல்கிறேன். "ஸ்டீவியா போட்டது" என்று யாராவது ஒரு பண்டத்தைக் கொடுத்தால், வேறென்ன போட்டீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.