வெளிநாட்டில் ஆள், ஊரில் கடை: கவனிக்க வேண்டிய சில விடயங்கள்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கொழும்பு கெய்சர் வீதியில் நான் வழமையாகச் சரக்கு எடுக்கும் மொத்த வியாபாரி தொலைபேசியில் அழைத்தார். "நானா, உங்கட செக் திரும்பிட்டுதே" என்றார். எனக்குத் தலை சுற்றியது. ஒரு இலட்சத்து தொண்ணூறாயிரம் ரூபா காசோலை அது. தமாமில் வேலை செய்யும் என் மச்சான் அதற்குரிய பணத்தை வியாழக்கிழமையே அனுப்பிவிட்டார். அனுப்பியதற்கான சிட்டையைப் படம் பிடித்து வட்ஸ்அப்பிலும் போட்டிருந்தார். அந்தத் தைரியத்தில்தான் திங்கட்கிழமைத் திகதியிட்டுக் காசோலை கொடுத்திருந்தேன்.

பணம் வந்தது. செவ்வாய்க்கிழமை பிற்பகலில்! காசோலையோ காலையிலேயே திரும்பிவிட்டது. வங்கி அறவிட்ட கட்டணம் சிறியது. ஆனால் அந்த மொத்த வியாபாரி அடுத்த இரண்டு தடவையும் காசைக் கையில் வாங்கிக்கொண்டுதான் சரக்கு இறக்கினார். சந்தையில் பெயர் கெட்டால் அதைச் சரிசெய்ய எவ்வளவு காலம் எடுக்கும் என்பது வியாபாரிகளான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நடந்தது என்ன? மச்சான் வேலை முடிந்து வியாழன் மாலை ஆறு மணிக்கு நாணயமாற்று நிலையத்துக்குப் போயிருக்கிறார். அப்போது நமது ஊரில் இரவு எட்டரை மணி. சவூதி, கட்டார், குவைத், பஹ்ரைன் ஆகிய நாடுகள் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் இருக்கின்றன. டுபாயும் ஓமானும் ஒன்றரை மணித்தியாலம் பின்னால். வெள்ளி, சனி அங்கே விடுமுறை. சனி, ஞாயிறு இங்கே வங்கி இல்லை. இது போதாதென்று அந்த வெள்ளிக்கிழமை நமக்குப் போயா தினம்! சவூதியிலுள்ள நிலையத்துக்கு நமது போயா எங்கே தெரியப்போகிறது? சவூதியில் 2013 வரை வியாழனும் வெள்ளியும்தான் விடுமுறை. அந்த வருடம்தான் வெள்ளி, சனி என மாற்றினார்கள். ஐக்கிய அரபு இராச்சியத்திலோ 2022 ஜனவரி முதல் அரச அலுவலகங்களுக்கு சனியும் ஞாயிறும் விடுமுறை, வெள்ளி அரை நாள். ஆகவே "கல்ஃப்" என்று எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போட்டுவிடக் கூடாது.

உடனடியாகக் கணக்கில் வரவு வைக்கும் சேவைகளும் இப்போது இருக்கின்றன. அவற்றில் இந்தத் தொல்லை குறைவு. எனினும் எல்லா வங்கிக்கும் எல்லா வழியிலும் அது கிடைப்பதில்லை. அனுப்புபவர் முதலில் ஒரு சிறு தொகையை அனுப்பி, எத்தனை மணிக்கு வந்து சேர்கிறது என்று பார்த்துக்கொள்வதே நல்லது. நான் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, வெளிநாட்டுப் பணத்தை நம்பிக் கொடுக்கும் காசோலைக்கு மூன்று வேலை நாட்கள் இடைவெளி வைக்கிறேன்.

அடுத்து நாணய மாற்று விகிதம். நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ஏமாற்றப்படுகிறோம் என்பதே தெரியாமல் ஏமாறுகிறோம்.

சவூதி ரியாலின் பெறுமதி டொலருக்கு எதிராக நிலையானது. ஒரு டொலருக்கு 3.75 ரியால். 1986 முதல் இதில் மாற்றமில்லை. டிர்ஹம் 3.6725, கட்டார் ரியால் 3.64. ஓமான் ரியாலும் பஹ்ரைன் தினாரும் அவ்வாறே டொலருடன் கட்டப்பட்டவை. குவைத் தினார் மட்டும் 2007 முதல் பல நாணயங்களின் கூட்டுப் பெறுமதியோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. ஆகவே ரியாலின் உண்மையான விலையைக் கண்டுபிடிக்க யாரிடமும் கேட்கத் தேவையில்லை. இலங்கை மத்திய வங்கி அன்றாடம் வெளியிடும் டொலர் விலையைப் பாருங்கள். கையிலுள்ள தொலைபேசியின் கணிப்பானில் அதை 3.75 ஆல் வகுத்துப் பாருங்கள்.

கணக்குக்காக டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ரியால் 80 ரூபா வரும். இப்போது ஒரு நிலையம் "அனுப்பும் கட்டணம் இல்லை" என்று பெரிய எழுத்தில் பலகை போட்டு, ரியாலுக்கு 78.60 தருகிறது. இன்னொன்று 20 ரியால் கட்டணம் வாங்கி 79.70 தருகிறது. நமது தம்பிமார் எங்கே போவார்கள்? பலகை போட்ட இடத்துக்குத்தான்! 2,500 ரியால் அனுப்பினால் முதலாவது இடத்தில் ஊருக்கு வருவது 196,500 ரூபா. இரண்டாவது இடத்தில் கட்டணம் போக மிஞ்சும் 2,480 ரியாலுக்கு 197,656 ரூபா. இலவசம் என்று சொன்ன இடத்தில் 1,156 ரூபா குறைகிறது. மாதா மாதம் அனுப்புபவருக்கு இது வருடத்தில் பதினான்காயிரம் ரூபாவை நெருங்கும். ஆனால் 200 ரியால் மட்டும் அனுப்புபவருக்குக் கட்டணமில்லாத இடமே இலாபம். அதையும் போட்டுப் பாருங்கள். "ரேட் என்ன, சார்ஜ் என்ன" என்று கேட்பதை விட்டுவிட்டு, "நான் இவ்வளவு ரியால் தருகிறேன், ஊரில் எத்தனை ரூபா விழும்" என்ற ஒரே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்.

உண்டியலைப் பற்றிச் சொல்லாமல் போனால் வாசகர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். 2021 இலும் 2022 ஆரம்பத்திலும் வங்கி விலைக்கும் உண்டியல் விலைக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருந்தது. பலர் அந்தப் பக்கம் போனார்கள். 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்ட பின்னர் நிலைமை மாறியது. அந்த வருடம் வெளிநாட்டிலுள்ளோர் வங்கிகள் வழியே அனுப்பிய பணம் சுமார் 3.8 பில்லியன் டொலர். 2024 இல் அது சுமார் 6.6 பில்லியனாக உயர்ந்தது. இன்று உண்டியலில் கிடைக்கும் மேலதிகச் சில்லறைக்காக எதைப் பணயம் வைக்கிறோம் என்று யோசிக்க வேண்டும். பணம் நமது கணக்கில் விழும்போது அனுப்பியவரின் பெயர் மச்சானுடையதாக இருக்காது. முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய கணக்கிலிருந்து வரும். அந்த ஆள் மோசடியிலோ போதைப்பொருளிலோ சம்பந்தப்பட்டவர் என்றால் விசாரணை நமது கணக்கையும் தேடி வரும். கணக்கு முடக்கப்பட்டால் கடை எப்படி ஓடும்? பத்து இலட்சம் ரூபாவும் அதற்கு மேலும் உள்ள கொடுக்கல் வாங்கல்களை வங்கிகள் நிதி உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கும் முறை 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடைமுறையில் இருக்கிறது. வரித் திணைக்களம் "இந்தப் பணம் எங்கிருந்து வந்தது" என்று கேட்டால் நீட்டுவதற்கு ஒரு தாளாவது நம் கையில் இருக்க வேண்டாமா?

இனி மின்சாரம். இதிலும் என் சொந்த நட்டம் ஒன்று உண்டு.

அல்கோபரிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் தான் பாவித்த குளிர்சாதனப் பெட்டியையும் வொஷிங் மெஷினையும் என் கடையில் தந்தார். புதியது போல இருந்தன. பிளக்கும் நமது சுவரில் அப்படியே பொருந்தியது. விற்றுவிட்டேன். நான்கு மாதத்தில் குளிர்சாதனப் பெட்டியின் கொம்பிரஷர் எரிந்துவிட்டதென்று வாங்கியவர் வந்து நின்றார். பழுது பார்ப்பவர் பெட்டியின் பின்புறத்திலிருந்த சிறு தகட்டைக் காட்டினார். 220 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்று இருந்தது. வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தெரியாமல் விற்றாலும் குறை குறைதான்.

வளைகுடா நாடுகளில் சவூதியில் மட்டும்தான் 60 ஹேர்ட்ஸ் மின்சாரம். டுபாய், கட்டார், குவைத், ஓமான், பஹ்ரைன் எல்லாம் நம்மைப் போல 50 ஹேர்ட்ஸ். அந்நாடுகளின் மின்சாரக் கம்பிகளை ஒன்றாக இணைக்கும்போதுகூட, இந்த வித்தியாசத்துக்காகவே சவூதியின் கிழக்கில் அல்பாதிலி என்ற இடத்தில் பெரிய மாற்று நிலையமொன்றை அமைக்க வேண்டி வந்தது. நமது குளிர்சாதனப் பெட்டிக்கு அப்படி ஒரு நிலையம் யார் கட்டித் தருவார்?

60 ஹேர்ட்ஸுக்கென்று செய்த சாதாரண மோட்டார், இங்கே ஆறு சுற்றுச் சுற்ற வேண்டிய நேரத்தில் ஐந்து சுற்றுத்தான் சுற்றும். வேலை குறையும், சூடு கூடும். குளிர்சாதனப் பெட்டி, ஏசி, தண்ணீர் மோட்டார், சில வகை வொஷிங் மெஷின் ஆகியவற்றில்தான் இந்த ஆபத்து. இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சூடாக்கும் கேத்தல் போன்ற சூடு தரும் பொருட்களுக்கு ஹேர்ட்ஸ் ஒரு பிரச்சினையல்ல. அவற்றில் வோல்ட்டை மாத்திரம் பாருங்கள். ஏனென்றால் சவூதியின் பழைய கட்டடங்களில் 127 வோல்ட்டும் இருந்தது. அதற்கென்று வாங்கிய கேத்தலை இங்கே சொருகினால் அன்றே கதை முடிந்துவிடும். ட்ரான்ஸ்போமர் வைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது வோல்ட்டைத்தான் மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது.

தொலைபேசி, மடிக்கணினி சார்ஜர்களில் 100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்று பொடி எழுத்தில் இருக்கும். அவை எங்கும் வேலை செய்யும். வெளிநாட்டிலிருந்து வரும் பாவித்த பொருட்களை வாங்கி விற்பவர்கள் விலை பேசு முன் தகட்டைத் தேடுங்கள். தகடு கழற்றப்பட்டிருந்தால் நான் இப்போது அந்தப் பொருளைத் தொடுவதில்லை. 'இன்வேர்ட்டர்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் தகடு என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு.

கடைசியாக, பயணம் போகிறவரின் இலங்கைச் சிம் அட்டை. விமானம் ஏறியதும் பலர் இதைக் கழற்றிப் பணப்பையில் வைத்து மறந்துவிடுகிறார்கள். மீள்நிரப்பாமல் நீண்ட காலம் கிடந்தால் அந்த இலக்கம் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவருக்கு விற்கப்படலாம். வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் அந்தப் புதியவருக்குப் போகும். வட்ஸ்அப் கணக்கும் அவர் கைக்குப் போகக்கூடும். நமது தம்பிமார் கடைக்குச் சரக்கு பேசுவதெல்லாம் அந்தப் பழைய இலக்கத்தில்தானே! ஆகவே புறப்படுமுன் ரோமிங் வசதியைத் திறந்து, மாதத்துக்கு ஒரு தடவையாவது சிறு தொகை நிரப்ப ஊரில் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். வங்கிக்கு நேரில் போய் வெளிநாட்டு இலக்கத்தைப் பதியும் வசதி இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். அங்கே போன பின் இதைச் செய்வது பெரும்பாடு.

வட்ஸ்அப்பில் இரண்டு அடுக்குப் பாதுகாப்பு என்றொரு வசதி உண்டு. ஆறு இலக்கம் கொண்ட சொந்தக் குறியீட்டைப் பதிந்துவிட்டால், சிம் வேறு கைக்குப் போனாலும் கணக்கை எடுப்பது இலகுவல்ல. "தவறுதலாக உங்களுக்கு ஒரு கோட் வந்துவிட்டது, அனுப்புங்கள்" என்று தெரிந்தவர் பெயரிலேயே செய்தி வந்தாலும் கொடுக்க வேண்டாம். "எக்கவுண்ட் நம்பர் மாறிவிட்டது, இதில் போடுங்கள்" என்று மச்சானோ மொத்த வியாபாரியோ எழுதினால், பழைய இலக்கத்துக்கு அழைத்துக் குரலைக் கேட்ட பிறகுதான் நான் ஒரு ரூபாவாவது போடுவேன்.

டுபாய்க்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. அங்கே வட்ஸ்அப்பில் செய்தி போகும், பேச்சு அழைப்புக்குத் தடை இருந்துவருகிறது. அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகளைத்தான் பாவிக்க வேண்டும். சவூதியில் இணைய அழைப்புகள் மீதான பொதுவான தடை 2017 இல் நீக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. வீபீஎன் போட்டுப் பேசலாம் என்று அறைத் தோழர் யாராவது சொல்லித் தருவார். குற்றமொன்றைச் செய்ய அல்லது மறைக்க அதைப் பாவித்தால் ஐந்து இலட்சம் முதல் இருபது இலட்சம் டிர்ஹம் வரை தண்டம் விதிக்க அங்கே சட்டம் இருக்கிறது. புறப்படுமுன் உம்மாவின் தொலைபேசியிலும் அந்தச் செயலியை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். இல்லையென்றால் "மகன் போய்ச் சேர்ந்தானா, ஏன் கோல் எடுக்கிறானில்லை" என்று அவர் உங்கள் கடை வாசலில்தான் வந்து நிற்பார்.