புள்ளி போனால் பொருளும் போகும்

எழுத்துகளின் உறுப்புகளில் மிகச் சிறியது புள்ளி. பொறுப்பிலோ அது மிகப் பெரியது. ‘கல்வி’ என்ற சொல்லில் லகரத்தின் தலைப்புள்ளி உதிர்ந்தால் கிடைப்பதும் தமிழ்ச் சொல்லே. ஆனால் அதன் பொருளைக் கல்லூரி மலரில் விளக்க இயலாது! ஸ்பானிய மொழியினருக்கும் இதே இக்கட்டு உண்டு. ‘ஆண்டு’ என்று பொருள்படும் அவர்களது சொல்லில் ஓரெழுத்தின் மேலுள்ள வளைகோடு விடுபட்டால், அவையில் கூறத் தகாத சொல்லாகிவிடும்.

இத்தொல்லை நமக்குப் புதிதன்று. ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களும், ஒகர ஓகாரங்களும் ஒரே வடிவில் நின்றன. இடம் நோக்கியே படித்தனர். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனிக்கொம்பு தந்து குழப்பத்தைத் தீர்த்தார். அந்தக் கொம்பு மாறினால் ‘கொடை’, ‘கோடை’ ஆகிவிடும். கொடைக்கானல் என்ற பெயரிலேயே வள்ளன்மைக்கும் வெயிலுக்கும் இடையே நிற்பது ஒரு கொம்புதான்!

ஈய எழுத்துக் காலத்தில், அச்சுக்கோத்த எழுத்துகளைப் பிரித்துப் போடும்போது அறை மாறினாலே போதும். அடுத்த நாள் பிழை பிறந்துவிடும். பெரியகுளத்திலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைப்பாதையில் அடுக்கம் என்றோர் ஊர் உண்டு. மலைச்சாரலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் அது. ‘டு’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ட’ அமர்ந்தால் ‘அடக்கம்’! மண்சரிவுச் செய்தியில் ஊர்ப்பெயர் அப்படி வந்தால், வெளியூரிலிருக்கும் உறவினர் நெஞ்சு என்ன பாடுபடும்?

கணிப்பொறி வந்தபின் பிழை தீர்ந்ததா? தொடக்கத்தில் ஓர் எழுத்துருவில் 256 இடங்களே இருந்தன. ஐரோப்பியரின் குறியிட்ட எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழை அமர்த்தினர். உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் தமிழ்ச் செய்தி, தலையில் கோடும் புள்ளியும் சுமந்த ரோமன் எழுத்துகளாகக் காட்சியளித்தது. இன்று யூனிகோடு தமிழுக்கெனத் தனி எண்களைத் தந்துள்ளது. ஆயினும், தமிழை அறியாத பக்க வடிவமைப்புச் செயலியில் கொம்பு எழுத்துக்குப் பின்னே போய் நிற்பதுண்டு.

உருக்குலைந்த எழுத்து எவர் கண்ணிலும் படும். ஆனால் ‘அடக்கம்’ போல, பிழையே மற்றொரு நல்ல சொல்லாகி நிற்கும்போது சொற்பிழை திருத்தும் கருவியும் ஏமாறும். அதைப் பிடிக்க, பொருளறிந்து மெய்ப்புப் பார்க்கும் மனிதக் கண்ணே வேண்டும். மெய்ப்புத் திருத்துவோர் பெயர் எங்கும் அச்சாவதில்லை; பிறர் பெயர்கள் சரியாக அச்சாவதோ அவர்களால்தான்.

மாணவ நண்பர்களே, விண்ணப்பமாயினும் விடைத்தாளாயினும், கொடுக்குமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள். புள்ளியைக் காப்பது பொருளைக் காப்பதாகும்.