தோட்டத்துக்குப் பின் – 9: கடிதத்தில் காரணத்தைப் பாருங்கள்

சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் பக்கம் பால்மரம் வெட்டியவர்களுக்குப் பென்சன் என்றால் அரசாங்க உத்தியோகஸ்தர் சமாச்சாரம். மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவிலும் பென்சன் உண்டு என்பது, வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையான பிறகே பலருக்குத் தெரியவருகிறது. இந்தியாவின் 1948 இ.எஸ்.ஐ. சட்டத்தை ஒட்டி எழுதப்பட்ட 1969ஆம் ஆண்டுச் சட்டமே சொக்சோவுக்கு அடிப்படை. அறுபது வயதுக்குள் உழைக்க முடியாமல் போனவருக்குப் ‘பென்சன் இலாட்’.

மனு போடுகிறார்கள். மறுப்புக் கடிதம் வருகிறது. மலாயில் இருப்பதால் பேரன் படித்துச் சொல்கிறான்: “கிடைக்காதாம் தாத்தா.” ஏன் கிடைக்காது என்று யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியதே அதைத்தான்.

உடம்பு அந்த அளவுக்குக் கெடவில்லை என்று மருத்துவக் குழு சொல்லியிருந்தால், மேல்முறையீட்டு மருத்துவக் குழுவிடம் போக வேண்டும். கெடு 90 நாள். வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூடச் சம்பாதிக்க முடியாது என்பதே சட்டம் கேட்கும் அளவு. ஆகவே நோயின் பெயர் மட்டும் எழுதிய டாக்டர் கடிதம் போதாது. இவரால் எந்த வேலை முடியாது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

சந்தா போதவில்லை என்பது மற்றொரு காரணம். தோட்டத்து ஆட்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். கடைசி 40 மாதத்தில் 24 மாதச் சந்தா என்ற விதியை மட்டும் கேள்விப்பட்டுக் கைகழுவிவிடுகிறார்கள். இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒருவர் பத்து ஆண்டு சந்தா கட்டினார். தோட்டம் விற்றுப்போக, ஐந்து ஆண்டு சந்தா இல்லாத கூலி வேலை பார்த்துப் படுத்துவிட்டார். முதல் விதிப்படி அவருக்கு ஒன்றுமில்லை. ஆனால் சந்தா தொடங்கியதிலிருந்து எண்ணினால், 180 மாதத்தில் 120 மாதச் சந்தா இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு! முழுத் தகுதி; சராசரிச் சம்பளத்தில் 58 விழுக்காடு. மூன்றில் ஒரு பங்கு இருந்தால்கூட, மொத்தம் 24 மாதம் குறையாவிட்டால், 50 விழுக்காடு உண்டு.

குத்தகைக்காரர் சந்தாவே கட்டவில்லையா? அது அவர் செய்த குற்றம். சட்டத்தில் சிறைத் தண்டனைவரை உண்டு. சம்பளச் சீட்டு, செக்ரோல் நகல், கூட வேலை செய்தவரின் சத்தியப் பிரமாணம் எது கிடைத்தாலும் திரட்டுங்கள்.

சந்தாத் தகராறைச் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியம் விசாரிக்கும். வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால், எழுத்தில் அதிகாரம் கொடுத்துத் தொழிற்சங்க அதிகாரியை நிற்க வைக்கலாம். சங்கங்கள் இதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் மனக்குறை. உயர் நீதிமன்றம் இந்த வாரியத்துக்கும் பிறகுதான். அதுவும் சட்டக் கேள்வி இருந்தால் மட்டும். உடம்பு முடியவில்லை என்று அங்கே போய் அழுது பயனில்லை.

கடிதம் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள். கைக்கு வந்த தேதியை அதன்மேல் எழுதி வையுங்கள். 90 நாளை அங்கிருந்துதான் எண்ண வேண்டும்.