அருகம்புல்லும் ஐப்பசி மழையும்

சென்னை நந்தனத்தில் காஸ்மாபாலிட்டன் கிளப் பேணிவரும் கோல்ப் திடலைப் போன்ற புல்வெளிகள் வெயிலையும் மழையையும் தாங்கி நிற்பது எங்ஙனம்? வெப்ப நாடுகளில் இவ்விளையாட்டுக்குப் பெரிதும் வளர்க்கப்பெறும் பெர்முடா புல், நாம் வரப்பில் மிதித்துச் செல்லும் அருகின் இனமே என்பதை அறிந்தோர் சிலரே.

கோடையில் இடைவிட்டு, வேர் ஆழ இறங்குமாறு வைகறையில் நீர் பாய்ச்சுவர். மாலையில் பாய்ச்சினால் இரவெல்லாம் இலை நனைந்து பூஞ்சணம் பற்றும்.

ஐப்பசியிலோ சிக்கல் வேறு. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான 3 திங்களில் கொட்டிவிடுகிறது. நீர் தேங்கினால் வேர் மூச்சின்றி அழுகும். ஆகவே, மழைக்கு முன்னரே இறுகிய நிலத்தைத் துளையிட்டு மணல் நிரப்புவர். ஈரம் வடியுமுன் வெட்டும் பொறியை உள்ளே விடார்.

துளையிடக் கடப்பாரையே போதும்; மேனாம்பேட்டுப் பிள்ளைகள் பந்தாடும் திடலிலும் புரட்டாசியில் இதனைச் செய்யலாம்.